சொல் இல்லாத படத்தொகுப்பு: "காத்திருப்பு" என்று எடுத்ததைத் "தனிமை" என்று படிக்கிறார்களே, ஏன்?

#1 சாளரம்

தலைப்பு "காத்திருப்பு". மொத்தம் ஏழு படங்கள். கேப்ஷன் இல்லை, ஹேஷ்டேக் இல்லை, தலைப்பையும் வெளியில் சொல்லவில்லை. கீழே வந்த பின்னூட்டங்களில் பாதிக்கு மேல் "தனிமை". மிச்சம் "முதுமை", "இழப்பு". காத்திருப்பு என்று ஒருவர்கூட எழுதவில்லை.

போட்ட வரிசை இது:

1. ஜன்னலோரம் காலி நாற்காலி
2. பேருந்து நிறுத்தத்தில் முதியவர் ஒருவர், முதுகுப்பக்கமிருந்து, பின்னணி முழுக்க மங்கல்
3. கதவருகே ஒரு ஜோடி செருப்பு
4. மழைத்துளி வழியும் கண்ணாடி
5. மேசைமேல் திரை அணைந்த கைபேசி
6. ரயில் நடைமேடை, தூரத்தில் இன்ஜின் விளக்கு
7. பாதி திறந்த கதவு, அப்பால் வெள்ளை வெளிச்சம்

எல்லாம் கருப்பு வெள்ளை. இரண்டு கேள்விகள். தப்பு படங்களிலா, வரிசையிலா? தலைப்பை மட்டும் சொல்லிவிட்டால் அது சொல்லில்லாத தொகுப்பு என்ற பெயரை இழந்துவிடுமா?

#2 கருவெள்ளை

படங்களில்தான். வரிசை அப்புறம்.

காத்திருப்புக்கும் தனிமைக்கும் நடுவே ஒரே வித்தியாசம், திசை. காத்திருப்பவருக்கு ஒரு பக்கம் உண்டு, அந்தப் பக்கமிருந்து ஏதோ வரப்போகிறது. தனிமையில் இருப்பவருக்குப் பக்கமே கிடையாது. உங்கள் ஏழில் திசை இருப்பது ஆறாவதில் மட்டும். மற்ற ஆறும் "இங்கே யாரும் இல்லை" என்கின்றன. பார்த்தவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது படத்தை எடுத்துக்கொள்வோம், தொகுப்பின் ஒரே மனிதர் அவர்தான். முதுகுப்பக்கமிருந்து எடுத்ததால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. ஒருவர் பார்க்கும் திசையில் பார்ப்பவர் கண்ணும் ஓடும். நம் கண்ணுக்கு அது பழக்கம். அந்த வசதியை முதுகு அடைத்துவிட்டது. போதாததற்குப் பின்னணி மங்கல். எஃப் 1.8 போலத் தெரிகிறது, அதாவது லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கிறது. பொக்கே, அதாவது அந்தப் பின்னணி மங்கல், வரும்போது ஆள் உலகத்திலிருந்து கத்தரிக்கப்படுகிறார். கத்தரித்தால் தனிமை.

மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டுக்கும் முகத்துக்கும் நடுவான கோணம். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ். கேமரா அவர் உட்கார்ந்த கண் உயரத்துக்கு இறங்கட்டும். எஃப் 5.6 இலிருந்து 8 வரை, துளை சிறிதானால் பின்னணியும் தெளியும். சாலை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் வரவேண்டியது அந்தச் சாலையில்தான் வரும். சட்டகத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர் பார்க்கும் பக்கம் காலியாக இருக்கட்டும். அந்தக் காலி இடம்தான் "இன்னும் வரவில்லை" என்று சொல்லும். அதே அளவு காலி இடத்தை அவர் முதுகுக்குப் பின்னால் விட்டால் "விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" ஆகிவிடும்.

அப்புறம் பை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பை தரையில் என்றால் வந்து வெகுநேரம் ஆயிற்று. பை மடியில், கைப்பிடி உள்ளங்கைக்குள், கட்டைவிரல் மேலே மடங்கியிருக்கிறது என்றால் அடுத்த நொடி எழுந்துவிடுவார். பை தோளிலேயே தொங்குகிறது என்றால் இப்போதுதான் வந்திருக்கிறார், அல்லது உட்காரவே மனமில்லை. ஒரே ஆள், ஒரே பெஞ்சு, பை இருக்கும் இடத்தில் மூன்று கதை. முகத்தைக் காட்டாமலே காத்திருப்பைச் சொல்ல வேண்டுமென்றால் கை, பை, கழுத்து மூன்றும் போதும்.

மற்றவை சுருக்கமாக. செருப்பின் முனை வாசலைப் பார்த்தால் புறப்பாடு, வீட்டைப் பார்த்தால் வந்துசேர்ந்தது. ஒன்று குப்புறக் கிடந்தால் அவசரம். நாற்காலி காலியாக இருந்தால் இல்லாமை, அதன்மேல் ஒரு பை வைத்து இடம் பிடித்திருந்தால் காத்திருப்பு. கைபேசி திரை மேல்பக்கம் இருந்து, பக்கத்தில் ஒரு விரல் நுனி சட்டகத்துக்குள் இருந்தால் அழைப்புக்காக இருக்கிறார்கள். குப்புற வைத்தால் தவிர்க்கிறார்கள்.

#3 மூன்றிலொன்று

4 ஆவது படத்தை எடுத்துடுங்க. மழைத்துளிக் கண்ணாடி எந்தத் தலைப்புக்கும் ஒட்டும். அதனாலயே எதுக்கும் ஒட்டாது.

#4 ஒளித்துளை

கருவெள்ளை சொன்னதை ஏற்கிறேன், ஆனால் "வரிசை அப்புறம்" என்பதை ஏற்கவில்லை.

சோவியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே செய்து பார்த்த சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடிகர் மொஸ்ஜூகினின் உணர்ச்சி காட்டாத ஒரே முகம். அதன் பக்கத்தில் ஒருமுறை சூப் தட்டு, ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று படித்தார்கள். சொல்லில்லாத தொகுப்பில் பக்கத்துப் படம்தான் கேப்ஷன். வேறு கேப்ஷன் கிடையாது.

சாளரத்தின் தொகுப்பு காலி நாற்காலியில் தொடங்குகிறது. அங்கேயே "இல்லாமை" என்று முடிவாகிவிட்டது. அடுத்து வரும் முதியவர் அந்த நாற்காலியின் நிழலில் வருகிறார்: "இவர் துணையை இழந்தவர்". செருப்பு: "போனவருடையது". முதல் படம் போட்ட கண்ணாடி வழியாகத்தான் மற்ற ஆறையும் பார்க்கிறார்கள். ஆறாவதை முதலில் வைத்து, இரண்டாவதாக முதியவரை வையுங்கள். அதே படங்கள்தான், ஆனால் இப்போது அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சினிமாவோடு ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வரிசையை மீற முடியாது. இங்கே பார்ப்பவர் நடுவிலிருந்து நுழைவார், பின்னோக்கித் தள்ளுவார். இன்ஸ்டாகிராமில் முதல் படத்தை ஒருவர் கண்டுகொள்ளாமல் போனால் அடுத்தமுறை இரண்டாவதைக் காட்டுவதும் உண்டு. ஆகவே முதல் இரண்டு படங்களுமே தனியாக நின்று திசை சொல்ல வேண்டும். மூன்றாவதிலிருந்து திசையை அவ்வளவு தெளிவாகச் சொல்லாத படமும் வைத்துக்கொள்ளலாம்.

#5 இமைப்பொழுது

யாரும் கேட்காத ஒன்று. பின்னூட்டங்களை நேர வரிசையில் படித்தீர்களா? முதல் பின்னூட்டம் என்ன?

சொல்லில்லாமல் நாம் போட்டாலும் அது சொல்லில்லாமல் இருப்பது முதல் பின்னூட்டம் வரும் வரைதான். அதன்பிறகு வருகிறவர்கள் படத்தையும் அந்த வரியையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பாதிப் பேர் ஒரே சொல்லை எழுதினார்கள் என்றால் பாதிப் பேர் அப்படிப் படித்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் படித்தார், மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள் என்றும் இருக்கலாம்.

#6 சாளரம்

பார்த்தேன். முதல் பின்னூட்டம் "தனிமையின் வலி", கூடவே உடைந்த இதயம்.

#7 இமைப்பொழுது

அப்படியானால் அந்தக் கணக்கைத் தூக்கிப்போடுங்கள். சரியாகச் சோதிக்கும் முறை:

ஐந்து பேர் போதும். பெரிய குழப்பம் இருந்தால் ஐந்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவர் பதில் தெரியாமல். படங்களை 6×4 அங்குலத்தில் அச்சிட்டோ கைபேசியிலோ காட்டலாம், ஆனால் ஐவருக்கும் ஒரே மாதிரி. ஒரு படத்துக்கு மூன்று விநாடி, பிறகு மூடிவிடுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் தனியாக, கலைத்துப்போட்ட வரிசையில். அடுத்து முழுத் தொகுப்பையும் நீங்கள் நினைத்த வரிசையில்.

கேட்கும் கேள்விதான் முக்கியம். "என்ன உணர்கிறீர்கள்" என்று கேட்டால் எல்லாரும் அழகான பெயர்ச்சொல்லைத் தேடுவார்கள்: ஏக்கம், வலி, மௌனம். எந்தத் தொகுப்புக்கும் அதே மூன்று சொல்தான் வரும். மாறாக இரண்டே கேள்வி கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்ன நடந்தது? அடுத்து என்ன நடக்கும்?" வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

"அடுத்து" என்பதற்கு "வருவாங்க", "கிளம்புவார்", "திறக்கும்" என்று வந்தால் காத்திருப்பு வேலை செய்கிறது. "ஒண்ணும் நடக்காது" என்று வந்தால் அது தனிமை. "முன்னாடி"க்கு மட்டும் பதில் வந்து "அடுத்து" வெறுமையாக இருந்தால் அது இழப்பு. ஐவரில் மூவர் சரியான பக்கம் வராத படத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பதிவு போட்டபின் பின்னூட்டத்தை இரண்டு நாள் மூடி வைப்பதும் நல்லதுதான். விருப்பக்குறி குறையும் என்பார்கள். படிப்பு சுத்தமாக இருக்கும்.

#8 நடுச்சாம்பல்

தலைப்பைச் சொல்லுங்கள். மறைப்பதில் என்ன பெருமை?

ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் கண் அசைவு பற்றி எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1967 இல் வந்தது. அதில் ஓர் ஓவியத்தை வைத்துச் செய்த சோதனை உண்டு. நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்புவதை ரஷ்ய ஓவியர் இலியா ரேப்பின் வரைந்த ஓவியம் அது. ஒரே ஆள், ஒரே ஓவியம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி. இவர்கள் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களுக்கு ஓடுகிறது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டால் அறைகலனுக்கும் துணிக்கும் ஓடுகிறது. கண் ஓடிய தடத்தைக் காட்டும் கோட்டுப்படத்தில் இது பச்சையாகத் தெரியும்.

தலைப்பு என்பது படத்தை விளக்கும் வரி அல்ல, பார்ப்பவர் கையில் கொடுக்கும் கேள்வி. "காத்திருப்பு" என்று சொன்னால் கண் பையையும் கழுத்தையும் சாலையையும் தேடும். சொல்லாவிட்டால் கண் சும்மா இருக்காது, தானே ஒரு கேள்வியைச் செய்துகொண்டு அதற்குப் பதில் தேடும். அந்தக் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டுமே.

#9 கருவெள்ளை

நடுச்சாம்பல், கேள்வி என்ற வரைக்கும் சரி. ஆனால் கேள்வியை முன்னால் கொடுத்தால் பதில் கிடைத்ததும் கண் நின்றுவிடும். "காத்திருப்பா, ஆமா, பஸ்ஸுக்கு நிக்கறார்", அவ்வளவுதான், தள்ளிவிட்டுப் போய்விடுவார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலாண் பார்த் 1964 இல் எழுதிய கட்டுரையில் படத்தோடு வரும் எழுத்தை நங்கூரம் என்றார். மிதக்கும் பல அர்த்தங்களில் ஒன்றில் படகைக் கட்டிவிடும். கட்டினால் படகு வேறெங்கும் போகாது, அதுதான் அதன் பலனும் நஷ்டமும்.

நடுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 இல் வெளியிட்ட தொகுப்பில் 87 படங்கள். படத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமை. எங்கே, எப்போது என்ற குறிப்புகள் ஒவ்வொரு பகுதியின் முடிவில்தான். முதலில் பார், பிறகு தெரிந்துகொள், வேண்டுமானால் திரும்பி வந்து மறுபடி பார். கடைசி சட்டகமாகத் தலைப்பை வைத்தால் இதே பலன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் பின்னோக்கித் தள்ளுவார்கள். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் தொகுப்பே.

#10 நடுச்சாம்பல்

கடைசி சட்டகம் வரை வருபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகம். இருந்தாலும் கடைசியில் வைப்பதற்கு நான் எதிரியில்லை. முன்னால் வைக்காமல் இருப்பதைவிட எங்கேயும் வைக்காமல் இருப்பதுதான் எனக்கு ஒத்துவராதது.

#11 மூன்றிலொன்று

சொல்லில்லாத தொகுப்புன்னு சொல்லிட்டு சட்டகத்துக்குள்ளயே சொல் வச்சிருக்கிறதை யாரும் பேசலையே. 6 ஆவதுல நடைமேடைன்னா ஊர்ப்பலகை இருக்கும், கடிகாரம் இருக்கும், அறிவிப்புத் திரை இருக்கும். எழுத்து ஒண்ணு இருந்தா கண் முதல்ல அங்கதான் போகும், சட்டகத்துல நூத்துல ஒரு பங்குதான் இருந்தாலும். படிக்கத் தெரிஞ்சவருக்குப் படிக்காம இருக்க முடியாது.

மங்கலாக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. பாதி மங்கலான எழுத்து இன்னும் மோசம், கண்ணைச் சுருக்கிட்டு அதையே படிக்கப் பார்ப்பாங்க. ஒண்ணு, ஓரடி நகர்ந்து பலகையைத் தூணுக்குப் பின்னால மறைங்க. இல்லைன்னா பலகையோட பக்கவாட்டு விளிம்பு மட்டும் தெரியற கோணம். எடிட்ல அழிச்சா வெறும் பலகை நிக்கும், அது வேறொரு கதை சொல்லும்.

கடிகாரமும் எழுத்துதான். மணி காட்டினா "தாமதம்" ஆயிடும்.

#12 நிழல்நீளம்

இந்த இழைக்குப் பக்கத்தில் வரும் ஒரு சந்தேகம். "தடங்கள்" என்று ஒரு தொகுப்பு. ஈரமணலில் பதிந்த காலடிப் பள்ளம், படத்தில் மேடாகத் தெரிகிறது. மணலால் செய்த கால் போல உப்பி நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் பள்ளமாக மாற மாட்டேன் என்கிறது.

#13 ஒளித்துளை

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் எடுத்த எடுப்பில் நம்பிவிடும். படத்தில் ஒளி கீழ்விளிம்புப் பக்கமிருந்து வந்தால் பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். நிலவின் பள்ளங்களைத் தலைகீழாகத் திருப்பினால் கொப்புளமாகத் தெரிவதும் இதனால்தான்.

நீங்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்திருப்பீர்கள். சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் வெயிலைப் பார்த்து நில்லுங்கள். இப்போது ஒளி படத்தின் மேல்விளிம்பிலிருந்து வருகிறது. பள்ளத்தின் மேல்சரிவு நிழலாகவும் உங்கள் பக்கச் சரிவு வெளிச்சமாகவும் இருக்கும். பள்ளம் பள்ளமாகவே தெரியும். லென்ஸுக்குள் வெயில் அடித்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ்வாக, சாலையோர மரத்தின் நிழல் மரத்தைப் போல மூன்று மடங்கு நீளும் நேரம் நல்லது. ஏற்கெனவே எடுத்ததைக் காப்பாற்ற 180 பாகை திருப்பினால் போதும், ஆனால் விரல்கள் கீழ்ப்பக்கம் வரும், "எதிரே வருகிறவர்" என்று படிப்பார்கள். தொகுப்பின் நடைதிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டகத்தில் சருகு, கூழாங்கல் என்று அளவும் மேடும் தெரிந்த பொருள் ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

#14 வெண்சமன்

கருப்பு வெள்ளையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் சாளரம்? காத்திருப்பு என்றால் நேரம் கழிவது. நேரம் கழிவதைச் சொல்லாமல் சொல்லும் மலிவான கருவி ஒளியின் நிறம். காலை, உச்சி, மாலை, தெருவிளக்கு என்று நாலு நிறம் மாறினாலே பார்ப்பவர் "அப்போதிலிருந்து இருக்கிறார்" என்று கணக்குப் போட்டுவிடுவார். அதை நீங்களே உரித்துவிட்டீர்கள்.

வண்ணத்தில் எடுத்தால் வெண்சமன்பாட்டை (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமரா செய்யும் நிறத் திருத்தம்) ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைத் துடைத்து நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும், மாலை மாலையாக இருக்காது. 5200 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நிறுத்திவிட்டு நாள்முழுக்க அதிலேயே எடுங்கள். சூரியன் எழுமுன் நீலமாகவும் மாலை மஞ்சளாகவும் தானாக விழும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) இருந்தால் பின்னாலும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரலாம்.

பலர் இடறும் இடம்: எடிட்டரில் கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும். ஆனால் ஒளிமூலத்தின் கெல்வின் கூடினால் ஒளி நீலமாகும். மென்பொருள் ஒளியைச் சரிக்கட்டுகிறது, அதனால்தான் எதிர்த்திசை.

கருப்பு வெள்ளைதான் வேண்டுமென்றால் நேரத்தை நிழல் நீளத்தில் சொல்லுங்கள். ஒரே பெஞ்சு, நிழல் குட்டை, நிழல் நீளம். இரண்டு படம் போதும்.

ஏழாவது படத்தின் வெள்ளை வெளிச்சம் பற்றி: கதவுக்கு அப்பால் விவரமே தெரியாமல் எரிந்துபோன வெள்ளை இருந்தால் மரணம் என்றுதான் படிப்பார்கள். வெளிப்பக்கம் அறையைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூடுதலாக மட்டும் இருக்கட்டும், அப்பால் ஒரு படியோ செடியோ தெரியட்டும். அப்பால் இடம் இருந்தால் யாராவது அங்கிருந்து வர முடியும்.

#15 மூன்றிலொன்று

ஓ, அந்தக் கதவு வெளிச்சம்! "இழப்பு"ன்னு எழுதினவங்க எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க.

#16 விளிம்பு

அளவு விஷயத்தில் படிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அர்த்தத்தை வெட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் பல படம் போட்டால் முதல் படத்தின் விகிதம்தான் எல்லாவற்றுக்கும். முதலாவது 4:5 நெடுக்குப் படம் என்றால் அடுத்து வரும் 3:2 கிடைப்படத்தின் இரண்டு பக்கமும் போகும். முதியவர் பார்க்கும் பக்கத்தில் பார்த்துப் பார்த்து விட்ட காலி இடம்தான் முதலில் பலி. தப்பிக்க: எல்லாவற்றையும் 1080×1350 பிக்சல் வெள்ளைப் பின்புலத்தில் வையுங்கள். 3:2 கிடைப்படம் 1080×720 வரும். மேலே 315, கீழே 315 பிக்சல் வெள்ளை. வெட்டு இல்லை. ஆனால் அந்தப் படம் நெடுக்குப் படத்தின் பாதிப் பரப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், "சிறிய செய்தி" என்று தோன்றும். முக்கியப் படத்தை நெடுக்கில் எடுங்கள், அல்லது எல்லாமே கிடையாக இருக்கட்டும்.

2025 ஜனவரியிலிருந்து சுயவிவரப் பக்கத்தில் படங்கள் வரிசையாகத் தெரியும் கட்டம் சதுரம் இல்லை, 3:4. 1080×1350 படம் அங்கே 1012 அகலத்துக்கு வெட்டுப்படும், பக்கத்துக்கு 34 பிக்சல். விளிம்பில் விரல் நுனி வைத்திருந்தால் கட்டத்தில் அது இருக்காது.

ஒரு தொகுப்பில் 10 ஆக இருந்த உச்சவரம்பு 2024 ஆகஸ்டில் 20 ஆனது. அதற்காக இருபது போடாதீர்கள். மாறாக, நடுவே ஒரு வெற்றுச் சாம்பல் சட்டகம் வைத்துப் பாருங்கள். காற்புள்ளி மாதிரி வேலை செய்யும். காத்திருப்பு என்ற தலைப்புக்கு அது பொருத்தம்கூட. இரண்டு வைத்தால் பதிவு கெட்டுவிட்டதென்று நினைத்துப் போய்விடுவார்கள்.

ஏற்றும் முன் செய்முறை இந்த வரிசையில்: வெட்டு, அளவு குறை, அதன்பிறகு கூர்மை. கூர்மையை முழு அளவில் செய்து பின் குறைத்தால் செய்தது தெரியாது. வண்ணவெளி இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி, அதைக் குறிக்கும் புரொஃபைல் கோப்போடு சேர்ந்திருக்கட்டும். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் விட்டு, போகும் வழியில் புரொஃபைல் உரிந்துபோனால் வண்ணம் சோகை பிடித்து வரும். அதைச் "சோகம்" என்று படிப்பவரைக் குறைசொல்ல முடியாது. ஜேபெக் தரம் 80 முதல் 85. சாம்பல் வானத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் லேசாகக் கிரெயின் (நுண்புள்ளிகள்) சேருங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது காட்டிச் சோதிப்பதென்றால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

கடைசியாக, 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒருமுறை பாருங்கள். பை எங்கே இருக்கிறது என்று அந்த அளவிலும் தெரிந்தால் படம் நிற்கும்.

#17 இமைப்பொழுது

மாற்று உரையை, அதாவது பார்வையில்லாதவருக்காகப் படத்தோடு சேர்க்கும் விவரிப்பை, யாரும் தொடவில்லை. "சொல்லில்லாத தொகுப்பு, அதனால் மாற்று உரையும் போடமாட்டேன்" என்று சிலர் கொள்கை பேசுவதுண்டு. பார்வையில்லாதவருக்கு அது வெறும் பூட்டிய கதவு. திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான், வாசிக்க ஒன்றும் கிடைக்காதபோது சில இடங்களில் கோப்பின் பெயரையே வாசிக்கும். கோப்புக்கு "காத்திருப்பு 03" என்று பெயர் வைத்திருந்தால் ரகசியம் போயிற்று.

மாற்று உரையில் அர்த்தம் எழுதாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். "மகனுக்காக ஏக்கத்தோடு காத்திருக்கும் முதியவர்" என்பது கேப்ஷன், அதுவும் பொய்க் கேப்ஷன். "பெஞ்சில் முதியவர். மடியில் துணிப்பை, இரு கையும் கைப்பிடியில். முகம் இடப்புறச் சாலையை நோக்கி. சாலை காலி." இது போதும். அவருக்கும் மற்றவர்களைப் போலத் தானே படிக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

#18 கருவெள்ளை

ஒன்றைச் சேர்க்க வேண்டும், இது அழகியல் இல்லை.

அடையாளம் தெரியும் முகம் உள்ள படத்தைத் தலைப்புக்குள் வைக்கும்போது தலைப்பு அந்த முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் டுவானோ 1958 இல் பாரிஸ் மதுக்கடை ஒன்றில் எடுத்த படம்: ஓர் ஆண், ஓர் இளம்பெண், முன்னால் கோப்பைகள். முதலில் அந்நகரத்து மதுக்கடைகள் பற்றிய பக்கங்களில் வந்தது. அடுத்து மதுவின் தீமையைச் சொல்லும் பிரசுரத்தில். அடுத்து ஒரு பரபரப்புப் பத்திரிகையில், விபச்சாரம் பற்றிய வரியோடு. படம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்த ஆண் ஓவிய ஆசிரியர். வழக்குப் போட்டு வென்றார். இதைப் பதிவு செய்தவர் புகைப்படக்காரர் ஜிசேல் ஃபிராய்ண்ட்.

சொல்லில்லாமல் போடுபவருக்கு இதில் பொறுப்பு கூடுதல், குறைவில்லை. "காத்திருப்பு" யாரையும் கடிக்காது. "வறுமை", "போதை", "கைவிடப்பட்டோர்" என்ற தலைப்புக்கு முகம் தெரியும் ஆளை வைக்கும் முன் அவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டால் போதாது, எந்தத் தலைப்பில் எந்தப் படங்களுக்கு நடுவே வரும் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். கைகளும் முதுகும் போதுமென்றால் முகம் வேண்டாம். ஏற்றும் முன் படக்கோப்புக்குள் கேமரா பதியும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும் இட அடையாளத்தையும் நீக்கிவிடுங்கள்.

#19 நடுச்சாம்பல்

சேர்த்தே சொல்கிறேன்: தப்பாகப் படித்தார்கள் என்ற பேச்சையே கொஞ்சம் குறைக்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930 இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தை எத்தனையோ பேர் மனித உடலாகத்தான் பார்க்கிறார்கள். அவர் வைத்த பெயரில் "மிளகாய்" என்ற சொல்லும் 30 என்ற எண்ணும்தான். பெயரைச் சொல்லியும் கண் கேட்கவில்லை. அந்த அளவு விலகல் எல்லாத் தொகுப்பிலும் இருக்கும். ஐந்தில் மூன்று பேர் உங்கள் பக்கம் வந்தால் மற்ற இருவரை விட்டுவிடுங்கள்.

#20 சாளரம்

எல்லாருக்கும் நன்றி. மாற்றிய வரிசை, ஆறு படம், எல்லாம் 4:5 நெடுக்கு:

1. நடைமேடை, தூரத்து விளக்கு, பலகை தூணுக்குப் பின்னால்
2. பெஞ்சில் முதியவர் முக்கால் பக்கமாக, பை மடியில், சாலை தெளிவாக
3. பை வைத்து இடம் பிடித்த நாற்காலி
4. கைபேசி, பக்கத்தில் விரல் நுனி
5. அதே பெஞ்சு, நிழல் நீண்டு, பை தரையில்
6. பாதி திறந்த கதவு, அப்பால் படிகள் தெரிய

செருப்பையும் மழையையும் எடுத்துவிட்டேன். தலைப்பு ஏழாவது சட்டகமாக. பின்னூட்டம் இரண்டு நாள் மூடல்.

#21 ஒளித்துளை

4 ஐயும் 5 ஐயும் மாற்றுங்கள். பை தரைக்கு இறங்கியபிறகு கைபேசியைக் காட்டினால் "இன்னும் கூப்பிடவில்லை" என்று படிப்பார்கள். இப்போது இருக்கிற வரிசையில் கைபேசி யாருடையது என்றே தெரியாது. அந்த விரலும் முதியவருடையதாகத் தெரிய வேண்டும், சட்டைக் கையின் நுனி கொஞ்சம் உள்ளே வரட்டும்.

#22 மூன்றிலொன்று

கோப்புப் பேரையும் பாருங்க. 3 ஆவது இன்னும் "காலி நாற்காலி"ன்னே இருக்கும்.